குரலுக்கு வரி போட்ட நரி

குளக்கரையில் மான்கள் மேயும். மேலே அத்திமரத்தில் நெட்டைவாலன் என்ற குரங்கு காவல் இருக்கும். சிறுத்தையின் தலை தெரிந்தால் போதும், "கெக்! கெக்!" என்று கத்தும். மான்கள் ஓடிவிடும். அந்தக் காட்டுக்கு இணையம், மின்னஞ்சல் எல்லாமே அந்தக் குரல்தான்.

மந்திரி நரிக்கு இது பொறுக்கவில்லை. "ராசா! எல்லாரும் ஓசியிலே சேதி அனுப்புறாங்க. சேதிக்கு ஒரு பழம் வரி போடுவோம். கஜானா நிரம்பும்!" என்றது.

சிங்கம் பழமே தின்னாது. ஆனாலும் கஜானா என்றதும் அதற்கு வாயெல்லாம் பல். "போடு, போடு!" என்றது.

சபை கூடியது.

"நான் கேட்டதைத்தானே திருப்பிச் சொல்றேன். எனக்குமா வரி?" என்றது கிளி.

"பார்வர்டு பண்ணினா இரட்டை வரி!" என்றது நரி.

"நான் கூவினா மலையும் திருப்பிக் கூவுதே, அதுக்கு?" என்றது குயில்.

"அது வெளியூர்ச் சேதி. தனி வரி!"

செம்பி என்ற புள்ளிமான் குட்டியோடு நின்றது. "நான் சேதியே அனுப்புறதில்லீங்க. காதால கேக்கிறதோட சரி."

"காது இருக்கில்ல? கேக்கிறதுக்கும் வரி!"

"ஆகா, அருமையான திட்டம்!" என்று கைதட்டியது சிறுத்தை மட்டும்தான். ஏன் தட்டாது? வேட்டைக்குப் போகும்போது அது மூச்சுச் சத்தம்கூட விடாது. அதற்கு ஏது வரி!

புல் மேயும் செம்பியிடம் பழம் ஏது? காதில் களிமண்ணை அடைத்துக்கொண்டது. மற்ற மான்களும் அப்படியே செய்தன. குட்டி "அம்மா" என்றாலும் செம்பிக்குக் கேட்காது. இதைவிடக் கொடுமை உண்டா? பாவம், அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேய்ந்தது.

நெட்டைவாலனுக்கோ வரி கட்டிக் கட்டி வயிறு ஒட்டிப்போனது. கஜானாப் பழத்தையெல்லாம் 'ருசி பார்த்த' நரிக்கு மட்டும் தொந்தி தரையைத் தொட்டது.

ஒருநாள் செம்பி கொஞ்சம் அசந்த நேரம், குட்டி கோரைப்புல் பக்கம் போய்விட்டது. புல்லுக்குள் சிறுத்தை! பக்கத்திலேயே நரி வரி வசூலுக்கு உட்கார்ந்திருந்தது. நெட்டைவாலன் பதறிப்போய், "கெக்!" என்று கத்தியது.

"ஒண்ணு!" என்றது நரி குஷியாக.

"கெக்! கெக்!"

"ரெண்டு! மூணு! கத்து கண்ணு, கத்து!"

"மந்திரி, பின்னால பாருங்க! சிறுத்தை!"

"அடேயப்பா, நீளமான சேதி! இதுக்குக் கூடுதல் வரி!"

செம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரத்துப் பழமெல்லாம் வரிக்குப் போக, நெட்டைவாலனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் அத்திப்பழம், அன்றைய சாப்பாடு. "போனாப் போகுது, பச்சப்புள்ள!" என்று அதை ஓங்கி வீசியது. பழம் செம்பியின் முதுகில் பட்டது. செம்பி திரும்பிப் பார்த்தது. ஒரே பாய்ச்சல்! குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பறந்துவிட்டது.

சிறுத்தை ஏமாந்து சுற்றிலும் பார்த்தது. எதிரே கொழுகொழுவென்று நரி, இன்னும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. ஓட முடியாத தொந்தி. அப்புறம் என்ன, கதை முடிந்தது.

மறுநாள் சிங்கம் கர்ஜித்தது. "என் மந்திரி எங்கே?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெட்டைவாலன் மட்டும் கும்பிட்டது. "அதைச் சொல்ல எங்கிட்ட பழம் இல்லீங்க ராசா!"

"வரியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! சொல்லித் தொலை!"

நடந்ததைக் கேட்டுச் சிங்கம் தலையில் அடித்துக்கொண்டது. வரி ரத்தான சேதி மான்களுக்குக் கேட்டால்தானே! நெட்டைவாலன் கீழே இறங்கி, ஒவ்வொரு காதாகக் களிமண்ணைத் தோண்டி எடுத்தது. "அம்மா!" என்றது குட்டி. செம்பி கண் கலங்கி, "இன்னொரு தடவை சொல்லு!" என்றது.

ஊரார் பேச்சுக்கு விலை வைப்பவனுக்கு, தன் உயிரைக் காக்க வரும் சொல்கூட வரவாகத்தான் காதில் விழும்.