செவ்வந்திக்கு ஆறு வயசு

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு செண்பகம். தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுற வேலை. அவளுக்கு ரெட்டைப் பொண்ணுக. ஒண்ணு செவ்வந்தி, இன்னொண்ணு சாமந்தி. ரெண்டும் ஒரே பூதான், பேருதான் வேற. அதுகளும் அப்படித்தான். ஒண்ணு தும்முனா இன்னொண்ணு மூக்கத் தொடைக்கும். ம் சொல்லு தங்கம்.

அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. சோன்னு ஊத்துது. சாமந்திக்குக் காய்ச்சல். மூணு நாள் அனலாக் கொதிச்சுது. நாலாம் நாள் காய்ச்சலும் அடங்கிப்போச்சு, புள்ளையும் அடங்கிப்போச்சு. ம்... ஆமா தங்கம், செத்துப்போச்சு.

அதுக்கப்புறம் அந்த வீட்ல சாமந்தி பேர யாரும் எடுக்கல. செண்பகத்துக்கு அழுகை வந்தா, குளிக்கப் போறேன்னு போயி கொழாயத் தொறந்து விட்டுக்குவா. தடதடன்னு தண்ணி விழும். வெளிய வரும்போது சிரிச்ச மொகம். இருக்குற புள்ளை பயந்துறக் கூடாதுல்ல?

அப்போ தை மாசம் பொறந்தநாள் வந்துச்சு. "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம் செண்பகம், மனசு கேக்காது"ன்னாரு அப்பா வேலுச்சாமி. செவ்வந்தி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுச்சு. மெதுவா வந்துச்சு.

"எனக்கும் பொறந்தநாள் கெடையாதா? நானும் செத்துப் போயிட்டேனாம்மா?"

செண்பகம் ஓடி வந்து புள்ளையக் கட்டிக்கிட்டா. "உண்டுடி. பலூன் கட்டுவோம். ஆட்டமெல்லாம் வைப்போம்"னா.

மறுநாள் கை பாட்டுக்கு சரக் சரக்னு லேபிள் ஒட்டுது, மனசு ஆட்டம் தேடுது. வீடு சின்னது, ஓடுற ஆட்டம் ஆகாது. வர்றதெல்லாம் நண்டு சிண்டு, கஷ்டமான ஆட்டம் புரியாது. தோத்தவங்க அழுவுற ஆட்டமும் வேண்டாம். யோசிச்சு யோசிச்சு மூணு ஆட்டம் முடிவு பண்ணினா.

பொறந்தநாளும் வந்துச்சு. தெருப் புள்ளைக ஆறு பேரு. செவ்வந்தியோட ஏழு.

மொத ஆட்டம். ரெண்டு ரெண்டு பேரா நின்னு, வயித்துக்கு நடுவுல பலூன வச்சு, கை படாம சொவரு வரைக்கும் கொண்டு போகணும். "ஜோடி சேருங்க"ன்னா செண்பகம். குடுகுடுன்னு மூணு ஜோடி நின்னுருச்சு. செவ்வந்தி மட்டும் தனியா. யாரோ வந்து புடிச்சுக்குவாங்கங்கிற மாதிரி எடது கைய நீட்டிக்கிட்டு நிக்குது. "அம்மா வாரேன் ஜோடிக்கு"ன்னு செண்பகம் குனிஞ்சா. ஒசரம் ஒத்து வருமா? பலூன் நழுவி, டமார்! புள்ளைக கெக்கெக்கேன்னு சிரிச்சுதுக. செவ்வந்தி சிரிக்கல.

அப்புறம் ரெண்டாவது ஆட்டம். கண்ணக் கட்டிக்கிட்டு, தொட்டுப் பாத்துப் பேரு சொல்லணும். செவ்வந்தி தட்டுத் தடவிப் போயி ஒரு புள்ளையோட சடையத் தொட்டுச்சு. காதத் தொட்டுச்சு. மொகமெல்லாம் மலந்து போச்சு.

"சாமந்தி!"

"நான் முனீஸ்வரி"ன்னு அந்தப் பக்கத்து வீட்டுப் புள்ளை மெல்லச் சொல்லுச்சு. செவ்வந்தி கண்ணுக்கட்ட அவுக்க விடல.

என்ன, முழிச்சிருக்கியா? ம்.

அப்புறம் மூணாவது. கடலை மிட்டாயப் பொட்டலம் பொட்டலமாக் கட்டி, வீடு பூரா ஒளிச்சு வச்சிருந்தா செண்பகம். ஆளுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சு வந்து உக்காரணும். அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒண்ணு, தையல் மிஷினுக்கு அடியில ஒண்ணு, அப்பா செருப்புக்குள்ள ஒண்ணு! ஏழு பேரும் எடுத்துட்டு வந்து உக்காந்தாச்சு. அப்போ செவ்வந்தி எந்திரிச்சுப் போயி, தலகாணிக்கு அடியிலருந்து இன்னொண்ண எடுத்துச்சு.

"அம்மா, இது யாருக்கு?"

செண்பகம் விரல் விட்டு எண்ணினா. ஏழு புள்ளைக. எட்டுப் பொட்டலம். அவளுக்கே தெரியாம அவ கை கட்டியிருக்கு.

குளிக்கப் போறேன்னு சொல்ல வாய் வரல. நடு வீட்ல அப்படியே உக்காந்து, ஓன்னு அழுதா. வந்த புள்ளைக மெரண்டு போச்சுக. வேலுச்சாமி கண்ணத் தொடச்சுக்கிட்டே, "வாங்கடா, கேசரி திங்கலாம்"னு எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

செவ்வந்தி கிட்ட வந்து அம்மா கன்னத்தத் தொட்டுப் பாத்துச்சு. ஈரமா இருந்துச்சு.

"நீ அவள மறந்துட்டேன்னு நெனச்சேம்மா."

"மறப்பனாடி நான்?"

"பின்ன ஏன் அழவே இல்ல? நான் மட்டும்தான் போர்வைக்குள்ள அழுதேன்."

செண்பகம் புள்ளைய இழுத்து மடியில போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் விக்கி விக்கி, தொண்ட கட்டுற மட்டும் அழுதாங்க.

அப்புறம் செவ்வந்தி விசும்பிக்கிட்டே கேட்டுச்சு. "எனக்கு இன்னிக்கு ஆறு. அவளுக்கு எத்தனைம்மா?"

செண்பகம் புள்ளை தலையக் கோதிவிட்டா. "அவளுக்கு அஞ்சுதான்டி"ன்னா.

செவ்வந்தி யோசிச்சுச்சு. பொறக்கும்போது சாமந்திதான் மொதல்ல வந்தா, பத்து நிமிஷம் மூத்தவ. எதுக்கெடுத்தாலும் "நான்தான் அக்கா"ன்னு முன்னால நிப்பா.

"அப்போ இனிமே நான்தான் அக்காவாம்மா?"

"ஆமாடி."

"எனக்கு வேண்டாம்மா"ன்னுச்சு செவ்வந்தி. "அவளே இருக்கட்டும்."

அவ்வளவுதான் தங்கம். கதை அதோட ஓஞ்சுது. கிட்ட வந்து படு. கண்ண மூடு.