எம்.எல்.ஏ.வின் வெள்ளைத் துண்டு

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ப்ளஸ் ஒன் கோகிலவாணியின் மேசைக்கு எம்.எல்.ஏ. வந்தார். சாயப்பட்டறைக் கழிவு ஊர்க் கிணற்றில் கலக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. மேசைமேல் ஒரு வாளி சிவப்புக் கிணற்றுத் தண்ணீர். பட்டறை யாருடையது? எம்.எல்.ஏ.வின் மச்சினனுடையதுதான், வேறு யாருடையது!

“இது மண்ணோட நிறம்மா. மைக்குல அப்படியே சொல்லு, முதல் பரிசு உனக்குத்தான்.”

அவள் மைக்கை வாங்கினாள். “மண்ணுன்னு ஐயா சொல்றாருங்க. மண்ணுன்னா அலசுனாப் போயிரும், சாயம்னாப் போகாது. ஐயா, உங்க துண்டக் குடுங்க, முக்கிக் காட்டறேன்.”

எம்.எல்.ஏ. தோள் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊரே கைதட்டியது.

முதல் பரிசு அட்டையில் செய்த எரிமலைக்குப் போனது. மறுநாள் காலை, கைதட்டிய ஊர் குடத்தோடு அதே கிணற்றடியில் நின்றது.