மூக்கு வணக்கமும் கீறல் வணக்கமும்

குளக்கரை இலுப்பைத் தோப்பில் மைனா வாத்தியார் ஒரு பள்ளி நடத்தினார். துள்ளி என்ற முயல் படித்தது அங்கேதான். காலையில் வந்ததும் ஒருவரோடொருவர் மூக்கு உரசி, கண்ணைப் பார்த்து, "நலமா?" என்று கேட்க வேண்டும். பிறகுதான் பாடம். வாத்தியாருக்கு மூக்கு ஏது? பிள்ளைகள் அலகைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். அவரும் அதைக் கவனித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் உடம்பெல்லாம் செதில் போர்த்திய, எறும்பு தின்னும் அழுங்குக் குட்டி சுருளி வந்து சேர்ந்தான். எறும்பைப் பற்றிக் கேட்டால் உச்சிவெயில்வரை பேசுவான். கேட்கக் கேட்கத் துள்ளிக்கு அலுக்காது. ஆனால் யாராவது மூக்கை நீட்டினால் சுருளி பந்தாகச் சுருண்டுவிடுவான்.

"திமிர்" என்றது அணில். "பயிற்சி போதாது" என்றார் வாத்தியார். தினமும் அவனுக்குத் தனி வகுப்பு நடந்தது.

சுருளி கற்றுக்கொண்டான். எல்லா மூக்கையும் உரசினான். இமைக்காமல் பார்த்தான். வாத்தியார் பூரித்துப்போனார். அதன்பின் அவன் எறும்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருநாள் பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

நண்பனை இழந்துவிடுவோமோ என்று பயந்த துள்ளி, அவன் வளையைத் தேடிப் போனான். கூப்பிடக் கூப்பிடப் பந்து இறுகியது. என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளி உட்கார்ந்து மண்ணைக் கீறினான். உள்ளேயிருந்தும் ஒரு கீறல் கேட்டது. மறுபடி கீறினான். பந்து தளர்ந்தது.

"மூக்கு உரசினா மேலெல்லாம் முள்ளு குத்துதுடா" என்றான் சுருளி. "கண்ணைப் பார்த்தா நீ பேசறது காதுல விழல. நலமான்னு கேக்கறேன், பதில்தான் கேக்கல."

துள்ளி வாத்தியாரிடம் ஓடி நடந்ததைச் சொன்னான்.

"கீறல் வணக்கமா? பாடத்திலேயே இல்லையே!"

"உங்க அலகைத் தொடறோமே ஐயா, அது மட்டும் பாடத்துல இருக்கா?"

வாத்தியார் வெகுநேரம் தம் அலகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் பின்னால் ஓடிவர, வளைக்குப் பறந்து போய், கால் நகத்தால் மண்ணைக் கீறினார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி, ஐயா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அழுத்திக் கீறினார். சுருளி வெளியே வந்தான்.

இன்று அந்தப் பள்ளி இல்லை, குளமும் தூர்ந்துவிட்டது. காது நரைத்த துள்ளி அந்தப் பக்கம் போனால் இன்றும் நின்று மண்ணைக் கீறுவான். பதில் கீறல் கேட்கும். கூடவே எறும்புக் கதையும் வரும்.

பழகக் கற்றுக்கொடுக்க வருபவர், முதலில் தாம் பழகக் கற்க வேண்டும்.