முயல் காதும் உடும்பு வாலும் அளந்த பட்டறை

குளக்கரைப் புதருக்குள் ஒரு வளையில் செவந்தி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். தச்சு வேலை அவளுக்கு. காட்டில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் நடைவண்டி செய்து கொடுப்பாள். உதிர்ந்த முள்தான் ஆணி. கடைக்குப் போக வேண்டியதே இல்லை.

வேலை எல்லாம் வளைக்குள்ளேயே நடந்தது. அதுதான் தொல்லை. மரத்தூள் பறந்தால் அவளுடைய கைக்குட்டி தும்மும். தும்மினால் அதன் முள் சிலிர்க்கும். சிலிர்த்த முள் குட்டியின் அப்பனைக் குத்தும். அப்பன் துள்ளினால் அவன் முள் செவந்தியைக் குத்தும். ஒரு நடைவண்டி முடிவதற்குள் வீடே சல்லடையாகிவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. கைக்குட்டிக்கு இப்போது இளைப்பும் வந்துவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் வராமலிருக்க வளை வாசலை அடைக்க வேண்டும். அடைத்தால் மரத்தூள் போக வழியில்லை. குட்டிக்கு மூச்சு முட்டிவிடும்.

“மழைக்கு முன்னாடி கொல்லையில ஒரு பட்டறை போட்டுடு செவந்தி!” என்றான் அப்பன், மூக்கில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

குளத்து வட்டாரத்தில் கட்டடத்துக்கு இரண்டே விதி. எல்லைக்கல்லிலிருந்து ஒரு வால் தூரம் தள்ளிக் கட்ட வேண்டும். கூரை முயல் காதுக்கு மேலே போகக் கூடாது. செவந்தி தன் வாலால் ஒரு வால் தள்ளினாள். முயல் நிமிர்ந்து நிற்கும் உயரத்தை நினைவில் வைத்துக்கொண்டு மூங்கில் நட்டாள். மேலே கோரைப்புல் வேய்ந்தாள். பார்க்க அழகாக இருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் சடையப்பன் என்ற உடும்பின் வீடு. பெரிய புற்று வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. சடையப்பன் அதில் வெயில் காய்வான். பட்டறையின் நிழல் சாயங்காலம் கொஞ்ச நேரம் அந்தப் பாறையில் விழுந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா! யாரைக் கேட்டுக் கட்டற?”

“விதிப்படிதாண்ணே கட்டறேன். ஒரு வால் தள்ளி!”

“எந்த வால்?”

“என் வால்தாண்ணே.”

“அதெல்லாம் ஒரு வாலா? அது மச்சம்!”

செவந்தி வெட்கப்பட்டு மண்ணைப் பார்த்தாள். சடையப்பன் விடுவிடென்று போய் அளவுக்காரக் கொக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். கொக்கின் பின்னால் அளவு முயலும் வந்தது. உயரம் அளக்க அதன் காதுதான் கோல்.

“ஐயா, யார் வாலுன்னு விதியில சொல்லவே இல்லீங்க!” என்றான் சடையப்பன். “இங்க இருக்கிறதுலயே நீளமான வாலை வச்சு அளந்தாத்தானே நியாயம்?”

கொக்கு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடி யோசித்தார். யோசிக்க அவருக்கு இன்னொரு காலைத் தூக்கியே ஆக வேண்டும்.

“இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதனால சொல்றேன். நீளமான வால்தான்!”

சடையப்பன் எல்லைக்கல்லில் வால் நுனியை வைத்து நீட்டிப் படுத்தான். பட்டறையின் பாதி அந்த வால் தூரத்துக்குள் வந்தது. செவந்தி அந்தப் பாதியைப் பிரித்தாள். பின்னால் தள்ளிக் கட்டலாமென்றால் அங்கே அவள் வளை வாசல் இருக்கிறது. அதனால் பட்டறை பாதியாகவே நின்றது.

அவள் பிரித்து முடிப்பதற்குள் சடையப்பன் இன்னொரு வேலை பார்த்தான். ஒரு கட்டு இளம் அருகம்புல்லை முயல் முன்னால் போட்டான். முயல் வயிறு முட்டத் தின்றது. கொட்டாவி விட்டது. அப்படியே படுத்துத் தூங்கிவிட்டது. காது இரண்டும் முதுகில் சாய்ந்தன.

“முயலை எழுப்புங்க. உயரம் பார்க்கணும்” என்றார் கொக்கு.

“எதுக்குங்க எழுப்பணும்? நின்னாத்தான் முயலா? படுத்தா ஆமையா?”

கொக்கு மறுபடி ஒரு காலைத் தூக்கினார். “அதுவும் சரிதான். படுத்த காதுதான் கணக்கு!”

செவந்திக்கு அழுகை வந்துவிட்டது. “ஐயா! அவ்வளவு தாழ்வா இருந்தா உள்ள நடைவண்டி நிக்காதுங்களே!”

“படுக்கைவண்டி செய்!” என்று சொல்லிச் சடையப்பன் தரையில் புரண்டு சிரித்தான்.

செவந்தி கூரையை அறுத்து இறக்கினாள். இனி வயிற்றால் ஊர்ந்துதான் பட்டறைக்குள் போக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, இந்த அளவு எனக்கு மட்டுமா? எல்லாருக்குமா?”

கொக்கு வாயைத் திறப்பதற்குள் சடையப்பன் முந்திக்கொண்டான். “இது என்ன கேள்வி? வட்டாரம் முழுக்க இதே அளவுதான்!”

அப்போது மேலே யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சடையப்பன் வீட்டுக்கு அந்தப் பக்கத்து மருதமரத்தில் ஒரு மந்தி இருந்தது. இவ்வளவு நேரமும் அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்த சிரிப்பில் அதன் வால் கிளையிலிருந்து நழுவித் தொங்கியது. தொங்கியது, தொங்கியது, தரையைத் தொட்டும் மிச்சம் இருந்தது.

கொக்கு அந்த வாலைப் பார்த்தார். உடும்பின் வாலைப் பார்த்தார்.

“வந்த காலோட உன் வீட்டையும் அளந்துடறேன்!” என்றார்.

“வேண்டாங்க ஐயா! என் வீடு எப்பவோ கட்டினது!”

“வட்டாரம் முழுக்கன்னு நீதானே சொன்ன?”

மந்தி இறங்கி வந்து எல்லைக்கல்லில் வாலைப் பிடித்து நீட்டியது. வால் புற்றின் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியே வந்தது. வீடு முழுவதும் வாலுக்குள் அடக்கம்!

“உயரம் மட்டும் பார்க்காதீங்க ஐயா! அதையாவது விட்டு வையுங்க!” என்று கெஞ்சினான் சடையப்பன்.

அந்த நேரம் பார்த்து முயல் தூக்கத்தில் புரண்டது. காது இரண்டும் அதன் வயிற்றுக்கு அடியில் போய்விட்டன.

“காது தரையோட தரை. அப்போ வீடும் தரையோட தரை!” என்றார் கொக்கு.

“செவந்தி பட்டறை மட்டும் நிக்குதே!”

“அது அளந்து முடிஞ்சாச்சு. முடிஞ்சதை மறுபடி அளக்கிற வழக்கம் எனக்கில்லை!”

சடையப்பன் தன் புற்றை இடித்துக்கொண்டிருக்கும்போதே வானமும் இடித்தது. மழை கொட்டியது. கொக்கு பறந்தார். மந்தி மரம் ஏறியது. தன் பாட்டுக்குத் தூங்கிய முயலை யாரோ இலையால் மூடினார்கள். சடையப்பன் மட்டும் வெட்டவெளியில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

பட்டறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அண்ணே, நனையாதீங்க. உள்ள வாங்க!”

சடையப்பன் தலையை நுழைத்தான். வயிற்றை நுழைத்தான். அதற்குமேல் இடமில்லை. அவன் சொல்லித்தானே பாதியாக்கியது? வால் வெளியே கிடந்தது. நுனி எல்லைக்கல்லைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நனைந்தது.

உள்ளே செவந்தி படுத்தபடியே ஒரு நடைவண்டியைப் படுக்க வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தாள். வளைக்குள்ளே கைக்குட்டி தும்மாமல், இளைக்காமல் தூங்கியது. மரத்தூள் இப்போது சடையப்பன் மூக்கில் ஏறியது. அவன் தும்மினான். தும்மிய வேகத்தில் தலை கூரை மூங்கிலில் ‘ணங்’கென்று இடித்தது.

“ஏம்மா செவந்தி! கூரையை இன்னும் கொஞ்சம் உசரமா வச்சிருக்கக் கூடாதா?”

“முயல் முழிக்கட்டும்ணே!” என்றாள் செவந்தி.

பக்கத்து வீட்டுக்காரரை மடக்குவதற்காக ஒரு விதியை நாம் வளைத்தால், அது வளைந்தபடியே நம் வாசலுக்கும் வந்து நிற்கும்.