சந்தைச் சுவரில் பட்டாளப் படம்

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு மல்லுக்கட்டிய காலம். ராவ் பகதூர் பட்டத்துக்கு ஆசைப்பட்ட ஜமீன்தார், பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். போர்டு எழுதும் கொம்பையாவைக் கூப்பிட்டார்.

"சந்தைச் சுவத்துல ஒரு படம் போடு. பாத்ததும் பெத்தவளே பிள்ளைக்குத் திருநீறு பூசிப் பட்டாளத்துக்கு அனுப்பணும். இல்லேன்னா உன் மகன்தான் முதல் ஆளு."

கொம்பையாவுக்கு அவன் ஒரே மகன். சுவரைத் திரை கட்டி மறைத்துக்கொண்டு வரைந்து முடித்தான்.

சந்தையன்று திரையை விலக்கினார்கள். துப்பாக்கியும் சிரிப்புமாகச் சுவரில் நின்றது ஜமீன்தாரின் மகன்.

"சின்ன எசமானே போறாராமே" என்று கூட்டம் கூடிவிட்டது. மகனோடு வில்வண்டியிலிருந்து இறங்கிய ஜமீன்தாரின் மனைவி படத்தைப் பார்த்ததும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். "எவன் கேட்டாலும் எம் பிள்ளைய விடமாட்டேன்."

ஜமீன்தார் பல்லைக் கடித்தார். "யாரைக் கேட்டுடா இவன் முகத்தைப் போட்ட?"

கொம்பையா கும்பிட்டபடி சொன்னான்: "பெத்தவளே அனுப்பணும்னீக, எசமான். அரமனை அம்மாவே அனுப்பிட்டா ஊர்ல எவ மறுப்பா? அம்மா திருநீறு பூசட்டும், எம் மகனையும் கூடவே அனுப்புதேன்."

ஊரே அந்த அம்மாளின் கையைப் பார்த்து நின்றது. கை மகனை விட்டு அசையவில்லை.

பொழுது சாய்வதற்குள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு அரண்மனையிலிருந்து வந்தது.