செந்நாய் குரைப்பை விழுங்கிய கதை

அந்தக் காலத்தில், மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, செந்நாய் குரைத்துக்கொண்டிருந்தது. குரைப்பு என்றால் தெருவில் கேட்கிற லொள்லொள் இல்லை. இந்த மலையில் குரைத்தால் எதிர்மலை பதிலுக்குக் குரைக்கும். புலிகூட வாயில் வைத்த இறைச்சியை விட்டுவிட்டு எழுந்து போகும். கருவாலி என்ற பெண் செந்நாய்க்குத் தன் குரல்மேல் அத்தனை கர்வம். இருக்காதா பின்னே? பதினொரு பேர் கொண்ட கூட்டத்துக்கே தலைவி அவள்.

அவர்கள் இருந்தது ஒரு காவல்காடு. கோடரி நுழையக் கூடாது, ஆடுமாடு மேயக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்திருந்த காடு. உள்ளே ஒரு வேங்கை மரத்தடியில் அம்மன் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் ஜனங்கள் வந்து பொங்கல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்கள்.

ஒரு வருஷம் பானை பொங்குகிற நேரம் பார்த்துக் கருவாலி எங்கோ குரைத்துத் தொலைத்தாள். "அம்மனோட காவல்நாய் உத்தரவு குடுத்திருச்சு!" என்று பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். போச்சு! குரைப்புக் கேட்கிற இடமெல்லாம் அம்மன் கூப்பிடுகிற இடம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் என்பது வாரத்துக்கு ஒரு நாளாகி, பிறகு தினமும் என்றாகிவிட்டது. வேட்டைக்குக் கூட்டத்தைச் சேர்க்க இவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், மேளமும் உருமியும் குலவையுமாக ஒரு பட்டாளமே அந்தத் திசைக்குக் கிளம்பிவிடும். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, பாவம், பக்திதான். ஆனால் அந்தப் பக்தியின் சத்தத்துக்கு மானெல்லாம் உச்சிமலைக்கு ஓடிவிட்டதே!

கருவாலியின் பொந்தில் ஆறு குட்டிகள். வேட்டை இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிப்போயிற்று. கடைக்குட்டி கண்ணைத் திறக்கவே சோம்பிக் கிடந்தது. கருவாலி அதை நக்கி நக்கி எழுப்பினாள்.

அவள் அண்ணன் செம்பன் மட்டும் கொழுகொழு என்றிருந்தான். "எதுக்கும்மா இந்தப் பாடு? நான் குரைக்கிறேன், சோறு வருது. நேத்து ஆட்டுத்தலைகூட வச்சாங்க. வாலை லேசா ஆட்டினாப் போதும், தலையைத் தடவிக் குடுக்குறாங்க" என்றான்.

"வாலை ஆட்டி வாங்குற சோறு என் குட்டிக்கு வேண்டாண்ணே."

"அப்போ பட்டினியா கிடந்து சாகட்டுமா?"

"வேட்டையாடித் தின்போம். நம்ம காட்டுல நமக்கு இன்னொருத்தன் என்ன படியளக்கிறது?"

"ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்லை" என்று சிரித்துவிட்டு அவன் படையல் பக்கம் நடையைக் கட்டினான்.

மறுநாள் உச்சிவெயிலில் கருவாலி தேன்பாறைக்குக் கீழே போய் நின்றாள். மாசி என்பவன் கொடியேணியில் தொங்கியபடி தேனடை அறுத்துக்கொண்டிருந்தான். மேலே அவன் மச்சினன் கொடியைப் பிடித்திருந்தான். மாசி உதட்டைக் குவித்து ஒரு சீழ்க்கை அடித்தான், கொடி இறங்கியது. இரண்டு சீழ்க்கை, கொடி ஏறியது. ஒரு தேனீகூட அசையவில்லை.

அவன் கீழே இறங்கியதும் கருவாலி கேட்டாள்: "ஏன்யா, வாயைத் திறந்து மச்சானைக் கூப்பிட்டா என்ன?"

"நல்லா கேட்ட போ! கத்தினா ஈ முழுக்க என் மூஞ்சியிலதான் இருக்கும். சீழ்க்கைன்னா ஏதோ குருவின்னு விட்டுரும்."

கருவாலி காதை நிமிர்த்தினாள். "எனக்குச் சொல்லிக் குடு."

மாசி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சொல்லித் தரேன் தாயீ. ஆனா ஒண்ணு, ரெண்டு குரல் ஒரு தொண்டையில தங்காது. இதை ஒரு தரம் ஊதிட்டா உன் குரைப்பு திரும்பி வராது. யோசிச்சுக்க."

ஊதாமலே உதடு குவிக்கிற வித்தையை அவள் கற்றுக்கொண்டாள். கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஊதிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை.

அடுத்த நாள் காலை, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு கடமான் ஓடைக்கு இறங்கியது. கூட்டம் புதருக்கொருவராகப் பதுங்கியிருந்தது. தலைவி குரல் கொடுத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். கீழே ஒற்றையடிப் பாதையில் ஊர்ஜனம் மேளத்தோடு காத்திருந்தது. நடுவில் செம்பன், கழுத்தில் மாலை, மாலைக்குள் கயிறு. "இப்போ குரைப்பா பாருங்க, என் தங்கச்சிதான்" என்று பெருமை பீற்றிக்கொண்டிருந்தான். குரைத்தால் மேளம் நேராக ஓடையோரப் பொந்துக்கே வரும். கடமான் போய்விடும். கடைக்குட்டி இன்னொரு நாள் தாங்காது.

குரைப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அவள் அம்மா குரைத்த குரைப்பு, அம்மாவின் அம்மா குரைத்த குரைப்பு. கருவாலி அதை அப்படியே விழுங்கினாள். மீன்முள் இறங்குவதுபோல் கிழித்துக்கொண்டு இறங்கியது. பிறகு வாயைக் குவித்து ஊதினாள்.

நாலா பக்கமிருந்தும் ஒன்பது சீழ்க்கை பதில் வந்தது. கடமான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்ன குருவிப்பா அது?" என்றான் மேளக்காரன்.

"ஏதாவது மலைக்குருவியா இருக்கும்" என்றார் பூசாரி.

பொழுது சாயும்வரை இருந்து பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். அம்மன் பேச்சை நிறுத்திவிட்டாள், வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும்போல என்று கிளம்பினார்கள். செம்பனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் மட்டும் பாதை நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மேட்டின்மேல் ஆறு குட்டிகளும் முட்டி மோதித் தின்றுகொண்டிருக்க, கருவாலி வாலை நிமிர்த்தி நின்றாள். போனது குரல்தானே, காடு அவளுடையதாகவே இருந்தது.

அன்று முதல்தான் செந்நாய் குரைப்பதில்லை, சீழ்க்கை அடிக்கிறது. ஊரில் யார் சீழ்க்கை அடித்தாலும், செம்பன் வழிவந்த ஊர்நாய் வாயில் வைத்த சோற்றை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, தங்கச்சிதான் கூப்பிடுகிறாளோ என்று பார்க்கிறது.