குருசடி விளக்கு

"உபதேசியாரே, இனி என்னால முடியாது. இன்னைக்குக் குடிச்சிருவேன்."

போனில் இப்படிச் சொன்னவர் தொபியாஸ். நடுக்கடலில் சுறாவோடு மல்லுக்கு நின்ற ஆள்தான். குடியை விட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் உபதேசியார் சவியேர். கோயிலில் ஊராருக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிற மனுஷன். தொபியாசைவிட வயதில் சின்னவர். ஆனால் குடியில் மூத்தவர், அதை விட்டதிலும் மூத்தவர்!

கொள்ளைநோய்க் காலம் அது. ஊரைச் சுற்றித் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். கோயிலுக்கும் பூட்டு. குடியை விட்டவர்கள் வியாழக்கிழமை தோறும் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் சொல்வார்கள், அதுவும் நின்றுபோயிற்று. உபதேசியாருக்கே நோய் கண்டு, ஊர்க்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையில் தனியாக வைத்திருந்தார்கள்.

"ஜெபம் பண்ணிப் பார்த்தீங்களா அண்ணே?"

"பண்ணாம இருப்பேனா? சுவத்தைப் பார்த்துப் பண்ணிப் பண்ணி, சுவருதான் மனப்பாடம் ஆச்சு. ஆண்டவரும் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருக்காரு போல."

உபதேசியார் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அண்ணே, நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும்."

"நல்லா இருக்கே! முங்குறவன்கிட்டப் போயி கயிறு கேக்கீங்களே!"

"கடற்கரைக் குருசடியில அந்திக்கு விளக்கு ஏத்துவேன்லா? குடியை விட்ட நாள்லேருந்து அப்படித்தான் அந்த நேரத்தைத் தாண்டுறேன். இப்ப இங்க அடைச்சுப் போட்டுட்டாங்க. அந்தி வந்தா கை நடுங்குது. எனக்குப் பதிலா நீங்க ஏத்துங்க. விளக்கு எரியுதுன்னா நான் தாங்கிக்கிடுவேன்."

தொபியாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய மனுஷனுக்கும் கை நடுங்குமா!

"ஏத்துறேன்" என்றார்.

அன்று அந்தியில், கடற்கரையில் சிலுவை நிறுத்திய சின்னக் கோயிலான அந்தக் குருசடிக்குப் போனார். சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டு எண்ணெய் விட்டார். திரியைப் பற்ற வைத்ததுதான் தாமதம், கடற்காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. கடைசியில் தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சுடர் நிலைக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். நன்றாக இருட்டிவிட்டது.

"அப்பாடா, இன்னைக்கு உபதேசியார் பிழைச்சாரு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். தான் குடிக்கவில்லை என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாள்கள் அப்படியே போயின. மற்ற வேளையெல்லாம் மனசு பேயாய் அலையும். அந்தி வந்தால் மட்டும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிறகு மனைவி செலினின் நினைவு நாள் வந்தது. பூசை வைக்க வழியில்லை. கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் விடவில்லை. அழக் கூட ஒரு துணை இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். திருட்டுச் சாராயம் விற்கிறவன் கொல்லைப்பக்கமாக வந்தான். அந்தப் பாழாய்ப்போனவனுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ!

தொபியாஸ் கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

விளக்கு!

"பாவி, ஒரு மனுஷனைக் கெடுத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

"உபதேசியாரே! உபதேசியாரே!"

ஜன்னல் திறந்தது. உபதேசியார் மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"தள்ளி நில்லுங்க அண்ணே, நோய் ஒட்டிக்கிடும்."

"நேத்து குடிச்சிட்டேன். விளக்கு ஏத்தல. நீங்க... நீங்களும் குடிச்சிட்டீங்களா?"

"இல்லையே."

"குருசடி இருட்டாக் கிடந்ததைப் பார்த்துமா?"

உபதேசியார் எதிரே கையைக் காட்டினார். தொபியாஸ் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு நேரே ஐஸ் கம்பெனியின் பெரிய சுவர் நின்றது. கடலும் தெரியவில்லை, குருசடியும் தெரியவில்லை.

"அப்ப ஒரு நாளும் நீங்க விளக்கைப் பார்க்கலையா?"

"இங்கேருந்து எப்படிப் பார்க்க?"

"பின்ன எரியுதுன்னு எப்படித் தெரியும்?"

"தொபியாஸ் அண்ணன் ஏத்தியிருப்பாருன்னு நினைச்சுக்கிடுவேன். கை நடுக்கம் நின்னுரும். நேத்தும் அப்படித்தான்."

தொபியாஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். செலினை அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். உபதேசியார் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எப்பேர்ப்பட்ட பொறுமை! அழுது முடியட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் தொபியாஸ் எழுந்து முகத்தைத் துடைத்தார்.

"இனி என்னை நம்பாதீங்க உபதேசியாரே. வேற யாரையாவது ஏத்தச் சொல்லுங்க."

உபதேசியார் ஜன்னலைச் சாத்தப் போனவர், நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு அந்திக்குக் காத்து கூடுமாம். திரியைக் கொஞ்சம் தடியாத் திரிச்சுப் போடுங்க."